அபூர்வக் கச்சேரிப் பதிவைப் பகிரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரியப்பாவின் மர அலமாரியில் நூற்றுக்கும் மேற்பட்ட கேசட்டுகள் இருந்தன. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் நடந்த உற்சவக் கச்சேரிகளையும் கல்யாணக் கச்சேரிகளையும், வித்வானிடம் கேட்டுக்கொண்டு, மேடையோரம் டேப் ரிக்கார்டரை வைத்துப் பதிவு செய்தவர் அவர். ஒரு கேசட்டின் உறையில் பென்சிலால் எழுதியிருந்தார்: "தோடி பிரதானம். மழை. கரண்ட் போனது. மைக் இல்லாமல் பாடினார்." அன்றைய முக்கியப் பாட்டு தோடி ராகத்தில் என்று அர்த்தம். போட்டுக் கேட்டேன். ஆலாபனையின் நடுவே ஒலிபெருக்கியின் கரகரப்பு சட்டென்று நின்றுபோகிறது. பேட்டரியில் ஓடிய ரிக்கார்டர் மட்டும் நிற்கவில்லை. நாற்காலிகள் தரையில் இழுபடும் ஓசை. கூட்டம் மேடைக்கு நெருங்கி வருகிறது. அதன்பின் வெறும் குரலும் தம்பூராவும் மழையும்தான்.

இப்படி ஒன்று கையில் கிடைத்தால் அன்று இரவே ஊருக்கெல்லாம் கேட்கக் கொடுக்கத் தோன்றும். கொடுக்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் அந்த அவசரத்தில் செய்யும் சில தவறுகளைப் பிறகு திருத்தவே முடிவதில்லை.

"பழையதுதானே, யார் கேட்கப்போகிறார்கள்" என்பது முதல் தவறு. ஒரு பதிவுக்குள் பல உரிமைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. தியாகராஜர் 1847-ல் மறைந்தார். அவர் கீர்த்தனைகள் எல்லோருக்கும் பொது. பாபநாசம் சிவன் மறைந்தது 1973-ல். இந்தியச் சட்டப்படி இயற்றியவரின் மறைவுக்குப் பின் 60 ஆண்டு என்பதால், அவர் பாடல்களுக்கான உரிமைக் காலம் 2033 இறுதிவரை நீள்கிறது. 1960-ல் வெளிவந்த இசைத்தட்டு என்றால் அதன் ஒலிப்பதிவு உரிமை 2020-ஓடு முடிந்திருக்கும். அதில் உள்ள பாட்டின் உரிமை முடிந்திருக்க வேண்டும் என்பதில்லை. மேடைக் கச்சேரியில் பாடியவருக்கும் வாசித்தவருக்கும் தனி உரிமை உண்டு. அதை 1994-ஆம் ஆண்டுத் திருத்தம் சட்டத்தில் சேர்த்தது. இப்போது அதன் காலம் 50 ஆண்டு. கடையில் கிடைக்கும் பதிவை "அபூர்வம்" என்று பெயரிட்டு ஏற்றுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். அது கலைஞரின் வருமானத்தில் கைவைப்பது.

காலம் கடந்துவிட்டாலும் கேட்காமல் ஏற்றக் கூடாதவை சில உண்டு. குரு தன் சீடருக்குப் பாடம் சொன்ன டேப், காய்ச்சலோடு வந்து வாக்குத் தவறக் கூடாது என்று பாடிய கல்யாணக் கச்சேரி, கச்சேரி முடிந்து திண்ணையில் நடந்த பேச்சு, இவையெல்லாம் உலகத்துக்காகப் பாடியவையோ பேசியவையோ அல்ல. வித்வான் இருந்தால் அவரிடமும், இல்லையென்றால் குடும்பத்தாரிடமும் கேளுங்கள். நான் கேட்ட வீடுகளில் பெரும்பாலானவர்கள் மகிழ்ந்துதான் போனார்கள். தந்தையின் குரலே தங்களிடம் இல்லை என்று ஒரு வீட்டில் அழுதார்கள்.

பெயரில் செய்யும் தவறைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன், ஏனென்றால் அதை நானே செய்தேன். உறையில் மிருதங்கக் கலைஞரின் பெயர் இல்லாத ஒரு கச்சேரிக்கு, வாசிப்பின் சாயலை வைத்து ஊகித்து ஒரு பிரபலமான பெயரைப் போட்டு ஏற்றினேன். சில மாதம் கழித்து ஒரு பெண்மணி எழுதினார்: "அது என் அப்பா. மோரா வைக்கும் விதம் எனக்குத் தெரியாதா?" மோரா என்பது வாசிப்பை முடித்துவைக்கும் தாளக் கோர்வை. உடனே திருத்தினேன். அதற்குள் பலர் நகலெடுத்துத் தங்கள் பக்கங்களில் போட்டிருந்தார்கள். அங்கெல்லாம் இன்றும் வேறொருவர் பெயர்தான் இருக்கிறது. தெரியாததைத் "தெரியவில்லை" என்று எழுதியிருந்தால் அந்த மனிதரின் உழைப்பு அவர் பெயரிலேயே வந்து சேர்ந்திருக்கும். பக்கவாத்தியக்காரர்களை விட்டுவிட்டுப் பாடகரை மட்டும் குறிப்பிடுவதும் இதே வகைத் தவறுதான். தன் வாசிப்பில் தன் பெயர் இருக்க வேண்டும் என்று கோரும் உரிமையை 2012 முதல் சட்டமே தருகிறது. ஊர், சபா, நாள், யார் பதிவு செய்தது, யாரிடமிருந்து வந்தது என எல்லாவற்றையும் எழுதுங்கள். உறையையும் படம் எடுத்துப் போடுங்கள்.

டேப்பின் வேகத்தைச் சரிபார்க்காமல் ஏற்றுவது அடுத்தது. ஏறத்தாழ 6 சதவீதம் வேகம் கூடினாலே ஒரு கட்டைச் சுருதி ஒன்றரைக் கட்டை ஆகிவிடும், அதாவது குரல் அரைக் கட்டை உயர்ந்துவிடும்; நிதானமாகப் பாடியவர் பரபரப்பானவராகத் தோன்றுவார். கலைஞர் வழக்கமாகப் பாடும் சுருதியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் பிடிபடும். இரைச்சலை நீக்குகிறேன் என்று மென்பொருளை அளவுக்கு மீறி ஓட்டினால், இரைச்சலோடு சேர்ந்து தம்பூராவின் ரீங்காரமும் போய்விடும். மூலத்தைத் தொடாமல் ஒரு முழுப் பிரதியை, சுருக்கப்படாத கோப்பாக, தனியே வைத்துக்கொண்டு அப்புறம் எதையும் செய்து பாருங்கள். மிருதங்கம் போன்ற தாள வாத்தியம் மட்டும் தனியாக ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தை வெட்டி எறியாதீர்கள். அங்கே வாசித்தவருக்கு அன்றைய கச்சேரியே அதுதான்.

இன்னொருவர் தந்த பதிவில் அவர் பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரைப் பொறிப்பதும், அதற்குக் காசு வாங்குவதும் வேண்டாம்.

கணினிக்கு மாற்றியதும் டேப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நாளை இதைவிட நன்றாக மாற்ற முடியும். யாருக்கும் தராமல் பூட்டி வைப்பதும் அதே அழிவுக்குத்தான் போகிறது. பழைய அசிடேட் ஸ்பூல் டேப் கெடத் தொடங்கினால் பெட்டியைத் திறந்ததும் காடி வாடை அடிக்கும். அதன்பின் நாட்களைத்தான் எண்ண வேண்டும். வீட்டில் பராமரிக்க முடியாதவர்கள் காப்பகங்களை அணுகலாம். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இசைத்தட்டுகளைப் பாதுகாக்கிறது. 1982-ல் தொடங்கி இப்போது குருகிராமில் இயங்கும் இனவிசையியல் (சமூகங்களின் இசை மரபுகளை ஆராயும் துறை) காப்பகம் களப்பதிவுகளைச் சேகரித்து வருகிறது.

மழைக் கச்சேரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வித்வானின் மகனைத் தேடிப் பிடித்து ஒரு பிரதி கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்துப் பேசினார். தாராளமாகப் போடுங்கள் என்றார். ஆனால் கேசட்டின் கடைசியில், விளக்கு வந்தபின், அப்பா இன்னொரு வித்வானைப் பற்றிக் கோபத்தில் நாலு வார்த்தை பேசுகிறார், பின்னாளில் இருவரும் சமாதானமாகிவிட்டார்கள், அது மட்டும் வெளியே வர வேண்டாம் என்றார். பொதுவில் உள்ள பிரதி, கச்சேரியை முடித்துவைக்கும் மங்களப் பாட்டோடு நிற்கிறது. இறுதிப் பேச்சு நீக்கப்பட்டுள்ளது என்று குறிப்பில் எழுதியிருக்கிறேன். கேசட் அலமாரியில் அப்படியே இருக்கிறது.