செனிகா ஃபால்ஸ் பிரகடனத்தைப் படிக்கும் முறை

1848 ஜூலை 19, 20 ஆகிய நாட்களில், நியூயார்க் மாநிலத்தின் செனிகா ஃபால்ஸ் ஊரில் கூடிய பெண்ணுரிமை மாநாட்டின் பிரகடனத்தைத் தனியே படிக்காமல், 1776ஆம் ஆண்டின் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை அருகில் வைத்துக்கொண்டு படியுங்கள். மாநாட்டுப் பிரகடனத்தை வரைந்த எலிசபெத் கேடி ஸ்டான்டன், விடுதலைப் பிரகடனத்தின் வாக்கிய அமைப்பையே வேண்டுமென்று பின்பற்றி, அது பிரிட்டிஷ் மன்னனைக் குற்றம்சாட்டிய இடங்களில் ஆண்குலத்தை நிறுத்தியிருப்பது அப்போதுதான் புலப்படும்.

அடுத்து, பெண்களின் குறைகளை அது அடுக்கும் பட்டியலில் சொத்து, கூலி பற்றிய வரிகளில் நெடுநேரம் தங்குங்கள். என் பார்வையில் பிரகடனத்தின் உயிர்நாடி அதுவே. மணமான பெண் சட்டத்தின் கண்ணில் இறந்தவளுக்கு ஒப்பானவள் என்கிறது அது. அதே ஆண்டு ஏப்ரலில் நியூயார்க் இயற்றிய சட்டம் மனைவியின் சொத்துக்குப் பாதுகாப்பு அளித்தபோதிலும், அவள் உழைத்துப் பெற்ற கூலி 1860 வரை கணவனுக்கே உரியதாக இருந்தது என்பதை இங்கே சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

கல்வி, திருச்சபை பற்றிய குறைகளையும் படித்தபின் தீர்மானங்களுக்கு வாருங்கள். வாக்குரிமைத் தீர்மானம் மட்டும் ஒருமனதாக நிறைவேறவில்லை. அடிமைத்தளையிலிருந்து மீண்ட ஃபிரெடெரிக் டக்ளஸ் அதற்காக வாதாடினார்.

கையெழுத்துகளை இறுதியில் பாருங்கள். 68 பெண்களும் 32 ஆண்களும் ஒப்பமிட்டனர். கறுப்பினப் பெண் எவரும் கலந்துகொண்டதாகப் பதிவில்லை என்பதையும் மறவாமல் குறித்துக்கொள்ளுங்கள். ஒப்பமிட்ட பெண்களுள் சார்லட் உட்வர்ட் ஒருவரே, 1920இல் வாக்குரிமை அரசியல் சட்டத்தில் இடம்பெற்றபோது உயிரோடிருந்தார்.