மெஷின் வந்துவிட்டால் லேப் வந்துவிடாது

ஏழை நாடாகட்டும், எல்லையோர ஊராகட்டும், லேபை மேம்படுத்த வேண்டும் என்றதும் மெஷின் வாங்கத்தான் ஓடுகிறார்கள். தென்காசி மாவட்டத்துச் செங்கோட்டைப் பக்கம் பல வருடமாக ரத்தம் சோதிக்கிறவள் நான். தவறு பெரும்பாலும் ஊசி குத்துகிற இடத்திலேயே தொடங்கிவிடுகிறது.

ஒருமுறை புளியரைப் பக்கத்து முகாமிலிருந்து சாம்பிள் வந்தது. காலை ஏழு மணிக்கு எடுத்த ரத்தம், பைக் பெட்டியில் வெந்து, மதியம் என் கைக்கு வந்தது. மெஷினில் சுற்றி அணுக்களைப் பிரித்தால், மேலே மஞ்சளாக நிற்க வேண்டிய நீர், அதாவது சீரம், செக்கச்செவேல் என்றிருந்தது. ஒரு அம்மாவுக்கு சர்க்கரை 64, ரொம்பக் குறைவு; பொட்டாசியம் 6.8, ஆபத்தான அளவு. அப்படியே ரிப்போர்ட் கொடுத்திருந்தால் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அலைந்திருப்பார். புதிதாக எடுத்துப் பார்த்தேன்: 96, 4.2. இரண்டும் சரியான அளவு.

குழாய்க்குள்ளும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் சர்க்கரையைத் தின்றுவிடும்; வெயிலில் இன்னும் வேகமாக. உடைந்தால் பொட்டாசியத்தைக் கொட்டும். பிரிக்காத ரத்தத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் போதும் என்று நினைப்பதும் தப்பு, குளிரிலும் பொட்டாசியம் ஏறும். சீக்கிரம் சீரம் பிரிக்க வேண்டும்; சர்க்கரைக்கு, அணுக்கள் அதைத் தின்னாமல் தடுக்கும் மருந்துள்ள சாம்பல் மூடிக் குழாய் வேண்டும். ஊதா மூடிக் குழாயில் மிஞ்சியதை சிவப்பு மூடிக் குழாயில் ஊற்றவே கூடாது. ஊதாக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்கப் போட்டிருக்கும் மருந்து பொட்டாசியத்தை ஏற்றி, கால்சியத்தை இறக்கிவிடும்.

அப்புறம் கன்ட்ரோல், அதாவது மெஷின் சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க ஓட்டும், அளவு முன்பே தெரிந்த சாம்பிள். சோதனை ரசாயனமான ரீஏஜென்ட் செலவாகிறதே என்று அதை ஓட்டாமல் விடுகிறார்கள். வேலூர் சி.எம்.சி. நடத்துவது போன்ற வெளித் தரச் சோதனைக்கு, அதாவது நம் லேப் சரியாக அளக்கிறதா என்று வெளியார் பார்ப்பதற்கு, வரும் சாம்பிளை மட்டும் மூன்று தடவை ஓட்டி, பக்கத்து லேபுக்கு போன் போட்டு ஒப்பிட்டு அனுப்புவதும் உண்டு. நோயாளியின் ரத்தம் எப்படி ஓடுகிறதோ அப்படியே அதுவும் ஓட வேண்டும். இல்லாவிட்டால் நம் கோளாறு நமக்கே தெரியாது.

மெஷின் வாங்குவதிலும் கவனம் வேண்டும். காசநோய்க்கான ஜீன்எக்ஸ்பெர்ட்டை உலக சுகாதார நிறுவனம் 2010-இல் பரிந்துரைத்தது. அருமையான கருவி. ஆனால் அறைச் சூடு 30 டிகிரியைத் தாண்டக் கூடாது, கரண்ட் நிற்கக் கூடாது, வருடாவருடம் அளவு சரிபார்க்க வேண்டும். ஏ.சி., யு.பி.எஸ்., சர்வீஸ் ஆள், ஒவ்வொரு சோதனைக்கும் போட வேண்டிய கார்ட்ரிட்ஜ் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்காவிட்டால், உறை போட்டு மூடி வைக்க வேண்டியதுதான்.

எங்கள் ஊர்க்காரர்கள் ரப்பர் வெட்டப் போகிற இடம் எல்லை தாண்டி, கேரளத்துத் தென்மலை, வைத்தியம் பார்ப்பது புனலூர். அங்கே இருக்கும் டாக்டருக்கு என் ரிப்போர்ட்டில் உள்ள எண் மட்டும்தான் தெரியும். பைக் பெட்டி தெரியாது. அதனால் எடுத்த நேரம் எழுதாத குழாயை இப்போது நான் வாங்குவதே இல்லை.