குட்டி நாய் சொறியுதா? மருந்து பூசமுதல் இதைப் பாருங்கோ

திருகோணமலை உப்புவெளி கடற்கரைப் பக்கம் வளர்ற குட்டியள் சொறிஞ்சா உடனே உப்புத்தண்ணி, மணல் எண்டு சொல்லிடுவம், ஆனா முதல்ல எங்க முடி கொட்டுதெண்டு பாருங்கோ. வாலடி, இடுப்பு எண்டா பெரும்பாலும் தெள்ளுதான், சீப்பால வாரி விழுற கறுப்புத் தூளை ஈர டிஷூவில வச்சா சிவப்பாக் கரையும், அது தெள்ளின்ட கழிவு, அந்தச் சிவப்பு நிறம் குட்டின்ட ரத்தம். காதோரம், முழங்கை, ராப்பகலா சொறி, வீட்டாக்களுக்கும் அரிப்பு எண்டா ஸ்கேபீஸ் எண்ட சொறிப்பூச்சியா இருக்கலாம். கண்ணைச் சுத்தி, வாயோரம் முடி கொட்டி அரிப்பு பெரிசா இல்லாட்டி டெமோடெக்ஸ் எண்ட, தோலுக்குள்ள இருக்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சி, சின்ன இடமெண்டா அது அநேகமா தானா மாறும். வட்டமா எண்டா படர்தாமரை, மனுசருக்கும் தொத்தும்.

எண்டாலும் கண்ணால பாத்து முடிவெடுக்காதேங்கோ, மிருக வைத்தியரிட்ட தோலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில பாக்கச் சொல்லுங்கோ, டெமோடெக்ஸுக்கு ஸ்டீரோயிட் குடுத்தா இன்னும் பரவும். வாகனக் கழிவு ஒயில் பூசுறதை மட்டும் தயவுசெய்து விடுங்கோ, நக்கி நக்கி வயித்துக்க போகும், பாவம். தெள்ளு மாத்திரை வயசு, நிறை பாத்துத்தான் குடுக்கோணும், படுக்கைத் துணியையும் சுடுதண்ணில தோயுங்கோ, முட்டை அங்கதான் கிடக்கும். கடல்ல குளிச்சா நல்ல தண்ணியால கழுவி காதையும் துடைச்சு விடுங்கோ.