திரையரங்கில் ஓபரா நேரலை: முதன்முறை பார்ப்பவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

ஓபரா என்பது பாடி நடிக்கும் மேற்கத்திய இசை நாடகம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா என்ற நிறுவனம், தன் மேடை நிகழ்ச்சிகளைச் செயற்கைக்கோள் வழியே திரையரங்குகளுக்கு அனுப்பும் வழக்கத்தை 2006 டிசம்பர் 30 அன்று மோட்சார்ட்டின் ‘மாயக் குழல்’ கொண்டு தொடங்கியது. இன்று பல நாடுகளின் திரையரங்குகளில் அதைப் பார்க்கலாம். நுழைவுச்சீட்டு எடுக்கும் முறை வழக்கமான படத்துக்கு உள்ளதேதான். வேறுபடும் இடங்களை மட்டும் இங்கே விளக்குகிறேன்.

முதலில் படைப்பைத் தேர்ந்தெடுங்கள். பூச்சினியின் ‘லா போஹேம்’ அல்லது பிஸேயின் ‘கார்மென்’ தொடக்கத்துக்கு மிகவும் ஏற்றவை என்பது என் உறுதியான கருத்து. ‘லா போஹேம்’ இசை இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். வாக்னரின் ‘வால்க்யூரே’ இடைவேளைகளுடன் ஐந்து மணி நேரம் வரை நீளும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது தொடங்கும் நேரம். இந்தப் படியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். நேரலை பெரும்பாலும் சனிக்கிழமை, நியூயார்க் நேரப்படி பிற்பகல் 1 மணியளவில் தொடங்கும். அப்போது லண்டனில் மாலை 6, பாரிஸில் இரவு 7. ஆனால் அமெரிக்கா மார்ச் மாத இரண்டாவது ஞாயிறன்றே, கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்திவிடுகிறது. ஐரோப்பாவோ அம்மாதக் கடைசி ஞாயிறு வரை காத்திருக்கிறது. இடைப்பட்ட சனிக்கிழமைகளில் அதே நிகழ்ச்சி லண்டனில் மாலை 5 மணிக்கே தொடங்கிவிடும். ஐரோப்பா கடிகாரத்தைப் பின்னே நகர்த்தும் அக்டோபர் கடைசி ஞாயிறுக்கும் அமெரிக்கா நகர்த்தும் நவம்பர் முதல் ஞாயிறுக்கும் நடுவே வரும் சனிக்கிழமைக்கும் இது பொருந்தும். நீண்ட படைப்புகள் இன்னும் முன்னதாகத் தொடங்குவதால், சென்ற முறை பார்த்த நேரத்தை நம்பாமல், சீட்டில் அச்சிட்ட நேரத்தையே பின்பற்றுங்கள். நேரலை தவறினால் மறுதிரையிடல் உண்டு. அமெரிக்காவில் அது பெரும்பாலும் அடுத்த புதன்கிழமை வரும். இரண்டில் நான் நேரலையையே விரும்புகிறேன், ஏனெனில் பாடகர் அந்த நொடியில் எட்டிப்பிடிக்கும் உச்ச சுரத்தை நாமும் அதே நொடியில் கேட்கிறோம்.

இருக்கையை நடு வரிசைக்குச் சற்றுப் பின்னால் எடுங்கள். துணைத் தலைப்புகள் திரையின் அடியில் ஓடுவதால், முன்வரிசையில் அமர்ந்தால் முகத்தையும் வரிகளையும் ஒருசேரக் காண இயலாது. கதைச் சுருக்கத்தை முன்பே படித்துவிடுங்கள். முடிவு தெரிந்திருப்பது சுவையைக் குறைக்காது, கவனத்தை இசையின் பக்கம் திருப்பும். ஏறத்தாழ 3,800 பேர் அமரும் நியூயார்க் அரங்கில் பாடகர்கள் ஒலிபெருக்கியின் துணையின்றிப் பாடுகிறார்கள். திரையரங்கிலோ அக்குரல் ஒலிவாங்கி வழியே வருவதால் நெருக்கமாகக் கேட்கும், ஆனால் அரங்கை நிறைக்கும் அதன் வீச்சை முழுமையாக உணர முடியாது.

இடைவேளை வந்தவுடன் எழுந்து போய்விடாதீர்கள். வியர்வை உலராத பாடகர்களிடம் எடுக்கும் நேர்காணலும், திரைக்குப் பின்னே பணியாளர்கள் காட்சியமைப்பை மாற்றும் வேலையும் அப்போதுதான் காட்டப்படும். நியூயார்க் அரங்கில் அமர்ந்திருப்பவர்களுக்கே அது கிடைப்பதில்லை.

பின்சேர்க்கை: துணைத் தலைப்பு எந்த மொழியில் வரும் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அது நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் ஜெர்மன் மொழியில் வரலாம். ஆகவே வெளிநாட்டில் பார்ப்பவர்கள் சீட்டு எடுக்குமுன் திரையரங்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.