ரெண்டர் கூடத்துக்கான சாம்பா சேவையகம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்டோஸ், மேக், லினக்ஸ் என மூன்று வகைக் கணினிகளும் ஒரே கோப்புறைகளில் எழுதும் அனிமேஷன் கூடங்களில், அக்கோப்புறைகளைப் பகிரும் சாம்பா என்ற லினக்ஸ் சேவையக மென்பொருளை அமைக்கும்போது, பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் தலைமுறை நிர்வாகிகள் செய்த அதே பிழைகளைப் புதியவர்கள் மீண்டும் செய்வதைப் பார்க்கிறேன். தவறான கடவுச்சொல், ஃபயர்வால் தடை, அனுமதிக் குறைபாடு ஆகியவை பிழைச்செய்தியோடு வருவதால் விரைவில் பிடிபட்டுவிடும். அவற்றை இங்கே எழுதவில்லை. எந்தச் செய்தியும் காட்டாமல் வேலையைக் கெடுப்பவற்றை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன்.

பழைய சாக்கெட் அளவுகளை ஒட்டுவது

சாக்கெட் எனப்படும் நெட்வொர்க் இணைப்பு முனையின் அனுப்பும் பஃபரையும் பெறும் பஃபரையும் (தரவு தற்காலிகமாகத் தங்கும் நினைவகம்) 8192 பைட்டாக நிலைநிறுத்தும் ஓர் அமைவு வரி இன்னும் கைமாறிக்கொண்டிருக்கிறது. இணைப்பின் தன்மைக்கேற்ப அந்த அளவுகளை லினக்ஸ் கெர்னல் தானாகவே கூட்டிக் குறைக்கும். நாம் ஓர் எண்ணை எழுதியதும் அந்த ஏற்பாடு நின்றுவிடும். அந்த வரியை நீக்கிவிடுங்கள்.

ஜம்போ ஃப்ரேம்

ஒரே நெட்வொர்க் பொட்டலத்தின் உச்ச அளவு (எம்டியு) சுவிட்ச் உட்பட எல்லா முனைகளிலும் 9000 பைட். முடியாவிட்டால் எல்லா முனைகளிலும் 1500.

பல்லாயிரம் ஃப்ரேம்களை ஒரே கோப்புறையில் கொட்டுவது

பணத்தை அதிகமாக வீணாக்கும் பிழை இதுதான். பழி எப்போதும் நெட்வொர்க்கின் மீதே விழுவதால், இதை எங்கே கண்டாலும் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

விண்டோஸுக்கு ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றே; லினக்ஸின் வழக்கமான கோப்பமைப்புகளுக்கு அவை வெவ்வேறு. ஆகவே விண்டோஸ் கணினி ஒரு பெயரைக் கேட்டதும் சாம்பா முதலில் அதே எழுத்துகளில் தேடுகிறது. கிடைத்தால் உடனே கொடுத்துவிடுகிறது. கிடைக்காவிட்டால், அதே பெயர் வேறு எழுத்துகளில் இருக்கக்கூடும் என்பதால், கோப்புறை முழுவதையும் படித்து ஒவ்வொரு பெயரையும் ஒப்பிட்ட பிறகே ‘இல்லை’ என்று அதனால் சொல்ல முடியும். ஒருவர் பெயர் இல்லை என்று உறுதிசெய்ய வாக்காளர் பட்டியல் முழுவதையும் புரட்டுவதைப் போன்ற வேலை இது. புதிய கோப்பு உருவாகும் ஒவ்வொரு முறையும் இது நடக்கிறது. இல்லாத டெக்ஸ்சர் (மேற்பரப்புப் படம்) கோப்பு ஒன்றை மென்பொருள் தேடும்போதும் நடக்கிறது.

அசைவின் ஒவ்வொரு படமும் ஒரு ஃப்ரேம், ஒவ்வொன்றும் தனிக் கோப்பு. விநாடிக்கு 24 ஃப்ரேம் என்றால் இரண்டு நிமிடக் காட்சிக்கு 2,880 ஃப்ரேம்கள். எட்டு பாஸ்கள் (நிறம், நிழல் போன்ற தனித்தனி அடுக்குகள்) சேர்ந்தால் 23,040 கோப்புகள். அனைத்தும் ஒரே கோப்புறையில் விழுந்தால், கடைசிக் கோப்பு எழுதப்படுவதற்குள் ஏறத்தாழ 26.5 கோடிப் பெயர் ஒப்பீடுகள் நடந்திருக்கும். பாஸுக்கு ஒரு கோப்புறை என்று பிரித்தால் அது சுமார் 3.3 கோடியாகக் குறையும்.

ஒரு கூடத்தில், மாலையில் வேகமாகத் தொடங்கிய ரெண்டர் (ஃப்ரேம்களைக் கணினி உருவாக்கும் வேலை) விடியற்காலையில் ஊர்ந்துகொண்டிருந்தது. பெரிய கோப்பு ஒன்றை நகலெடுத்துச் சோதித்தார்கள். ஒரு கிகாபிட் இணைப்பில் விநாடிக்கு 110 மெகாபைட் கிடைத்தது, அதாவது இணைப்பு அநேகமாகத் தன் உச்சத்தில் இருந்தது. அப்படியிருந்தும் 10 கிகாபிட் சுவிட்ச் வாங்கினார்கள். விடியற்காலை ஊர்தல் அப்படியே நீடித்தது. சேவையகத்தில் செயல்முறைகளின் சுமையைக் காட்டும் ‘டாப்’ கட்டளையைப் பார்த்திருந்தால், சாம்பாவின் எஸ்எம்பிடி செயல்முறைகள் ஒவ்வொன்றும் ஒரு சிபியு கோரை (core) முழுவதுமாக விழுங்கிக்கொண்டிருந்தது தெரிந்திருக்கும். கெர்னலிடம் செய்யும் அழைப்புகளைக் காட்டும் ‘எஸ்ட்ரேஸ்’ கொண்டு அவற்றுள் ஒன்றைக் கவனித்திருந்தால், கோப்புறையைப் படிக்கும் ‘கெட்டென்ட்ஸ்64’ அழைப்புகளே நிறைந்திருந்தது தெரிந்திருக்கும். ஒரே பெரிய கோப்பை வைத்துச் செய்யும் சோதனை இதை ஒருபோதும் காட்டாது, ஏனெனில் அதில் பெயர் தேடல் மிகக் குறைவு.

தீர்வின் முதல் பகுதி கோப்புறைகளைப் பிரிப்பது. அதன் பிறகும் போதாவிட்டால், ரெண்டர் வெளியீட்டுக்கென்று தனி ஷேர் (பகிரப்படும் கோப்புறை) அமைத்து, அதில் ‘கேஸ் சென்சிட்டிவ்’ என்பதற்கு யெஸ், ‘டீஃபால்ட் கேஸ்’ என்பதற்கு லோயர், ‘பிரிசர்வ் கேஸ்’, ‘ஷார்ட் பிரிசர்வ் கேஸ்’ இரண்டுக்கும் நோ என்று கொடுங்கள். அதற்கு முன்பு அங்கிருக்கும் எல்லாப் பெயர்களையும் சிறிய எழுத்துக்கு மாற்றியாக வேண்டும். மாற்றாமல் விட்ட கோப்பு பட்டியலில் தெரியும், ஆனால் திறக்காது. லினக்ஸ் கணினிகள் என்எஃப்எஸ் என்ற வேறொரு கோப்புப் பகிர்வு நெறிமுறை வழியாக எழுதும் பெயர்களுக்கும் இதே கட்டுப்பாடு தேவை.

ஒரே கோப்பை எஸ்எம்பி வழியாகவும் என்எஃப்எஸ் வழியாகவும் திறப்பது

எஸ்எம்பி என்பது சாம்பாவும் விண்டோஸும் பேசும் பகிர்வு நெறிமுறை. அதில் ஓப்லாக் (கோப்பைத் தன்னிடமே தேக்கி வைக்கச் சேவையகம் தரும் அனுமதி) பெற்ற விண்டோஸ் கணினி, எழுதியதைச் சிறிது நேரம் தன் நினைவகத்திலேயே வைத்திருக்கலாம். என்எஃப்எஸ் வழியாக வரும் ரெண்டர் கணினி அதே காட்சிக் கோப்பைத் திறப்பது சாம்பாவுக்குத் தெரியாததால், அந்த ஓப்லாக்கை யாரும் திரும்பப் பெறுவதில்லை. பழைய காட்சியே ரெண்டர் ஆகும். காட்சிக் கோப்புகள் உள்ள ஷேரில் ஓப்லாக்கை நிறுத்திவிடுங்கள். லினக்ஸ் என்எஃப்எஸ் கணினியும் கோப்புறை விவரங்களை இயல்பாக 30 முதல் 60 விநாடி வரை தேக்கி வைக்கும் என்பதால், புதிய கோப்பு ‘இல்லை’ என்று ரெண்டர் நின்றால், முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தேக்கத்தைத்தான்.

ஃப்ரூட் மாட்யூலைச் சில ஷேர்களுக்கு மட்டும் கொடுப்பது

ஃப்ரூட் என்பது மேக் கணினிகளுக்கான சாம்பாவின் துணைத்தொகுதி. மேக் தன் சிறப்பு நீட்டிப்புகளை முதலில் இணையும் ஷேரில்தான் பேசி முடிவுசெய்கிறது. அந்த ஷேரில் ஃப்ரூட் இல்லையென்றால் மற்றவற்றிலும் அவை கிடைக்காது. எல்லா ஷேர்களுக்கும் பொதுவாக, ஸ்ட்ரீம்ஸ் எக்ஸ்ஆட்டர் என்ற மாட்யூலுக்கு முன்னால் வைத்து எழுதுங்கள்.

மேக்கிலிருந்து வரும் தமிழ்க் கோப்புப் பெயர்கள்

‘கோ’ என்பதில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஏகாரக் குறி, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். மேக்கின் பழைய கோப்பமைப்பான எச்எஃப்எஸ் பிளஸ் கொண்ட வட்டுகள் பிரித்தே சேமிக்கும். லினக்ஸ் இரண்டையும் வேறு பெயர்களாகக் கருதுவதால், ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி கொண்டு அங்கிருந்து நகலெடுத்த கோப்பு கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிந்தாலும் ஸ்கிரிப்ட்டில் அகப்படாது. ஆர்சிங்க் மூன்றாம் பதிப்பு முதல் கிடைக்கும் பெயரின் எழுத்துக்குறியீட்டை மாற்றும் ‘ஐகான்வ்’ விருப்பத்தை நகலெடுக்கும்போதே கொடுத்துவிட வேண்டும். ஆப்பிள் நெடுங்காலம் கணினியோடு தந்த 2.6.9 பதிப்பில் அது இல்லை. புதிய பதிப்பைத் தனியாக நிறுவிக்கொள்ளுங்கள்.