ரான்சம்வேர் பூட்டிய சர்வரை மீட்ட விதம்

ஆபீஸ் சர்வரில் எல்லா ஃபைல் பெயருக்குப் பின்னாலும் புரியாத எழுத்துகள், ஃபோல்டருக்கு ஒன்றாக பிட்காயின் கேட்டு ஒரு டெக்ஸ்ட் ஃபைல். ஃபைல்களைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வைரஸ்தான். முதல் வேலையாக நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினேன். ஃபைல்களின் பழைய நிலையை விண்டோஸே எடுத்து வைக்கும் ஷேடோ காப்பி? ம்ஹும், இந்த வைரஸ்கள் பெரும்பாலும் முதலில் அழிப்பதே அதைத்தான். தினமும் நெட்வொர்க் டிரைவுக்குப் போன பேக்கப்பும் பூட்டிக் கிடந்தது, எப்போதும் இணைந்தே இருந்தால் வைரஸுக்கு அதுவும் இன்னொரு ஃபோல்டர்தானே.

காப்பாற்றியது, வாரா வாரம் நகலெடுத்துக் கழற்றி வைக்கும் யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க். அதை நேராக சர்வரில் செருகாமல், சுத்தமான வேறு கம்ப்யூட்டரில் மாட்டி இன்னொரு நகல் எடுத்துக்கொண்டு, பூட்டிய ஃபைல்களையும் தனியாக ஒரு டிஸ்கில் ஒதுக்கிவிட்டு, சர்வரை ஃபார்மேட் செய்து விண்டோஸைப் புதிதாகப் போட்டு, அப்புறம்தான் டேட்டாவை ஏற்றினேன்.

நுழைந்த வழி, வெளியிலிருந்தே சர்வரை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்; அதற்கான நுழைவாயிலான 3389 போர்ட் இணையத்துக்குத் திறந்தே இருந்தது. அதை மூடிவிட்டு, பாதுகாப்பான தனி இணைப்பான விபிஎன் போட்டாச்சு, பாஸ்வேர்டுகளும் மாறிவிட்டன.

கடைசி வார பில்கள் மட்டும் பாக்கி. ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோலும் டச்சு போலீஸும் மற்றவர்களும் சேர்ந்து 2016-ல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் சில வகைகளுக்கு இலவசமாகவே சாவி கிடைக்கிறது, இந்த வகைக்கு இன்னும் வரவில்லை. அதுவரை வாடிக்கையாளர்களின் மெயிலில் இருக்கும் பில் நகல்களைக் கேட்டு வாங்கித் திரும்ப ஏற்றிக்கொண்டிருக்கிறோம்.