எந்த மொழியில் அழுகிறோமோ அந்த மொழியில் வாசிப்பது

மனம் நொந்தவருக்குப் புத்தகத்தை மருந்தாகத் தரும் முறைக்கு 'பிப்லியோதெரபி' என்ற சொல்லை, சாமுவேல் குரோதர்ஸ் என்ற அமெரிக்கப் பாதிரியார் 1916-இல் ஒரு கட்டுரையில் வேடிக்கையாகவே கையாண்டார். அந்த வேடிக்கை பின்னாளில் நிஜமாகி, பிரிட்டனின் கார்டிஃப் நகரில் 2003-இல், மருத்துவர் சீட்டில் எழுதித் தரும் நூலை நோயாளி பொது நூலகத்தில் வாங்கிப் படிக்கும் ஏற்பாடாக வந்தது. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்தில் வாழும் தமிழரான நமக்கு அப்படிச் சீட்டு எழுதித் தருபவர் இல்லை; ஆனால் நடக்கும் தூரத்தில் ஒரு வாயனசாலை, அதாவது ஊர் நூலகம், பெரும்பாலும் உண்டு.

முதலில் மொழியைத் தீர்மானியுங்கள். பள்ளியில் மலையாளம் படித்த நம்மில் பலர் மலையாளத்தைத்தான் வேகமாக வாசிப்போம். ஆனால் வீட்டில் சாவு விழுந்தபோது ஒப்பாரி தமிழில்தான் எழுந்திருக்கும். துக்கம் குடியிருக்கும் மொழியிலேயே வாசிப்பும் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. தமிழ் எழுத்து தடுமாறினால் வெட்கப்பட வேண்டாம், எழுத்துத் தெரிந்த ஒருவரை வாய்விட்டு வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பாட்டிக்குப் பேரன் வாசித்துக் காட்டும்போது பலன் இருவருக்கும் கிடைக்கும். நடுவில் நிறுத்திப் பேச இடமும் கிடைக்கும்.

அடுத்தது, புண்ணுக்கு மிக அருகில் இருக்கும் கதையை உடனே எடுக்காதீர்கள். அப்பா இறந்த மாதத்தில், தந்தையை இழந்த மகனைப் பற்றிய நாவல் ஒன்றைத் தேடிப் பிடித்து வந்து, முப்பது பக்கம் தாண்ட முடியாமல் மூடி வைத்தேன். காட்டுப் பயண நூல் ஒன்றுதான் அந்த நாட்களில் என்னைத் தூங்க வைத்தது. மூடிய நாவலுக்கு ஏழெட்டு மாதம் கழித்துத் திரும்பியபோது, மகன் செய்த தவறுகளில் என் தவறுகளைப் பார்க்கவும், அவனை மன்னித்த கையோடு என்னையும் கொஞ்சம் மன்னிக்கவும் முடிந்தது. வேறொருவர் கதையாக இருப்பதால் நம் கதையைத் தள்ளி நின்று பார்க்கிறோம். புத்தகத்தை மருந்தாக்கும் இந்த வழி வேலை செய்வது பெரும்பாலும் அந்த இடைவெளியால்தான்.

அளவைச் சிறிதாக வையுங்கள். மனச்சோர்வில் கவனம் நிற்காது என்பதால், ஒரு சிறுகதையோ நான்கு வரிக் கவிதையோ போதும். இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மனத்தைத் தொட்ட ஒரு வரியை நோட்டில் எழுதி, அது ஏன் தொட்டது என்று ஒரே வாக்கியம் சேருங்கள். பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் விடுவதில் குற்றமில்லை.

ஒன்றை மட்டும் புத்தகத்திடம் ஒப்படைக்கக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டால் மருத்துவரைப் பாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தாலோ ஒரு நாளும் காத்திராமல் டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி உதவிச் சேவையின் 14416 என்ற எண்ணை அழையுங்கள். அங்கே தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. வாசிப்பு அந்தச் சிகிச்சைக்குத் துணையாகத் தொடரலாம்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்த அன்றே அடுத்ததை எடுத்து வராதீர்கள். இரண்டு மூன்று நாள் கையில் புத்தகம் இல்லாமல் இருந்து, படித்ததில் எது தானாக நினைவுக்கு வருகிறது என்று பார்த்துவிட்டு, அதைக் கொண்டு அடுத்த நூலைத் தேர்ந்தெடுங்கள்.